நூற்றுப் பதிமூன்றாவது கார்டு

அத்தியாயம் 11

வானொலி நிலையத்திலிருந்து வந்த கடிதம் மூன்று வாரமாக அழகி வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. போன வாரம் அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம் வைக்கப்பட்டது. பழம் தீர்ந்துவிட்டது. கடிதம் தீரவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். திருவரங்குளம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கும் அழகி, ஐம்பத்தோராவது வயதில், மூன்றாவது முயற்சியில், வானொலிக் குரல் தேர்வில் தேறினார். அரை மணி நேரக் கச்சேரியைப் பதிவு செய்துகொண்டு, பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஒலிபரப்பு என்றார்கள். அழகி அதற்கென்று புதுப் புடவை எடுத்தார். ரேடியோவில் புடவை தெரியாது என்று மகள் ஹரிணி சொன்னாள். இரண்டு நாள் அவளோடு பேச்சு இல்லை.

பிறகு கடிதம் வந்தது. நேயர்களின் ஆர்வம் குறைந்துவிட்டதால் காலை அரை மணி நேர கர்நாடக இசை பத்து நிமிடமாகக் குறைக்கப்படுகிறதாம். புதிய பதிவுகள் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றனவாம். கடைசி வரி: 'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

அழகி ஒத்துழைத்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாம்பாரில் மட்டும் உப்புக் கூடியது.

ஒத்துழைக்காதவர் அவருடைய கணவர் ரெங்கசாமி. கடைத்தெருவில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டித்தரும் கடை வைத்திருப்பவர். அவர் மூன்று வாரமாக மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். அது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வெளியே வந்தது.

ரெங்கசாமிக்கு இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கும். அதனால் போன் வந்தால் ஸ்பீக்கரில் போடுவதுதான் பழக்கம். அன்றைக்கும் போட்டார்.

"ரெங்கசாமி சாரா? ரேடியோ ஸ்டேஷன்லேருந்து சேரன் பேசுறேன். நிகழ்ச்சி அதிகாரி. கார்டெல்லாம் வந்துருச்சு சார். ஒரே ஊர்லேருந்து இத்தனை கார்டு வந்து பத்து வருஷம் இருக்கும். நாங்க ஒரு முக்கியமான முடிவு எடுத்திருக்கோம். இன்னைக்கே நேர்ல வர முடியுமா?"

அடுப்படியிலிருந்து அழகி கரண்டியோடு வந்தார்.

"என்ன கார்டு?"

"மோட்டார் வாரண்டி கார்டு" என்றார் ரெங்கசாமி.

"ரேடியோ ஸ்டேஷன்ல எதுக்குங்க மோட்டாரு?"

"அவங்களுக்கும் தண்ணி வேணும்ல?"

ஹரிணி பொது அறிவுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். இரண்டு வருடமாக அரசுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவள். தப்பான விடையைப் பார்த்தால் அவளுக்குக் கை அரிக்கும்.

"அப்பா, சொல்லிருங்க. மைனஸ் மார்க் ஏறிக்கிட்டே போவுது."

பஸ்ஸில்தான் சொன்னார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஏறி, மூன்று பேர் சீட்டில் அழகியை ஜன்னலோரம் உட்காரவைத்து, தப்பிக்க வசதியாகத் தான் வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"ஆர்வம் இல்லைன்னு எழுதியிருந்தாய்ங்கள்ல? அதான், ஆர்வம்னா என்னன்னு காட்டிட்டேன். கடைக்கு வாரவுககிட்ட எல்லாம் ஒரு தபால் கார்டு எழுதி வாங்குனேன்."

"எப்புடி வாங்குனீங்க?"

"கேட்டு வாங்குனேன்."

"கார்டு எழுதுனாதான் மோட்டார குடுப்பேன்னு சொன்னாரும்மா" என்றாள் ஹரிணி. "நானே பாத்தேன். குழந்தைசாமி பெரியப்பா நெல்லு காயுதுன்னு கெஞ்சுனாரு. அப்பா பேனாவ எடுத்து நீட்டுனாரு."

"நீயும் கூட்டா?"

"விலாசம் எழுதுனது மட்டும்தாம்மா நான்."

அழகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து கிலோமீட்டர் வரை கோபம் இருந்தது. ஆறாவது கிலோமீட்டரில், "மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"நூத்திப் பன்னெண்டு."

"குழந்தைசாமி அண்ணன் என்ன எழுதுச்சு?"

"எல்லாத்துக்கும் ஒரே வாசகந்தான். நான் சொல்லச் சொல்ல எழுதுறது. 'ஐயா, காலை எட்டரை மணி கர்நாடக சங்கீதத்தைக் குறைக்க வேண்டாம். எங்கள் ஊரே அதைக் கேட்கிறது.' அம்புட்டுத்தான்."

"கோயில்ல சங்கீதம் போட்டா எந்திரிச்சு அங்கிட்டுப் போயிரும் அந்த மனுசன்."

"இப்ப மாறிட்டாரு."

அழகி மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நூத்திப் பன்னெண்டா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பையிலிருந்து சீப்பை எடுத்து முன்னால் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். புதுப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பதை ஹரிணி அப்போதுதான் கவனித்தாள். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

வானொலி நிலைய வாசலில் காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற இடத்தில் ரெங்கசாமி 'சங்கீதம்' என்று எழுதினார். காவலாளி அதை இரண்டு முறை படித்துவிட்டு, உள்ளே இருக்கும் ஒருவருக்குப் போன் செய்து, இப்படி ஒரு காரணத்துக்கு ஆளை விடலாமா என்று கேட்டார். விடலாம் என்று தெரிந்தது.

சேரனுக்கு நாற்பது வயது இருக்கும். மேஜை மேல் கார்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன. எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க சார், வாங்க மேடம். உங்க ஊரு எங்க கண்ணத் தொறந்துருச்சு. மேலிடத்துக்கே எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு, முழு அரை மணி நேரமும் திருவரங்குளத்துக்குத்தான்."

ரெங்கசாமி மனைவியைப் பார்த்தார். ஒரு பம்புசெட் கடைக்காரர் வாழ்க்கையில் அப்படிப் பார்க்கும் சந்தர்ப்பம் ஒன்றோ இரண்டோதான் வரும்.

"பத்து நிமிசம்னு கொறச்சிருந்தீங்களே சார்?" என்றார் அழகி.

"அந்தப் பத்து நிமிஷத்தையும் எடுத்தாச்சு மேடம்."

"எடுத்து?"

"நேயர் விருப்பத்துக்குக் குடுத்தாச்சு. அரை மணி நேரமும் சினிமாப் பாட்டு. திருவரங்குளம் ஸ்பெஷல்."

ரெங்கசாமியின் பார்வை மனைவியிடமிருந்து கார்டுக் கட்டுக்குப் போனது.

"சார்," என்றார் ரெங்கசாமி, "சங்கீதத்தக் கொறைக்காதீங்கன்னுதான எழுதியிருக்கு?"

"மேல ரெண்டு வரி அப்படி இருக்கு சார். நான் படிச்சேன். கீழயும் படிச்சேன்." சேரன் மேலே இருந்த கார்டை எடுத்து வாசித்தார். "'...எங்கள் ஊரே அதைக் கேட்கிறது. இப்படிக்கு குழந்தைசாமி, மனைவி, மகன் வசந்தகுமார், மருமகள், பேத்திகள் மற்றும் அனைத்து உறவினர்கள். கிணற்றடியில் கதாநாயகி பாடும் பழைய பாடலை விரும்பிக் கேட்கிறோம்.'"

அடுத்த கார்டில் அருள்தாஸ் குடும்பத்தார் ஒரு மழைப் பாட்டு கேட்டிருந்தார்கள். அதற்கடுத்தவர் ஓர் அண்ணன்-தங்கச்சிப் பாட்டு. ஒருவர் பாட்டு ஞாபகம் வராமல், 'ஏதாவது சோகப் பாடல்' என்று எழுதியிருந்தார்.

யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ரெங்கசாமி சொன்னது இரண்டு வரி. கார்டில் எட்டு வரிக்கு இடம் இருந்தது. இந்தப் பக்கத்தில் ரேடியோவுக்குக் கார்டு எழுதுகிறவர்கள் குடும்பத்தார் பேரையெல்லாம் வரிசையாகப் போட்டு, ஒரு பாட்டும் கேட்டுத்தான் முடிப்பார்கள். கேட்காமல் முடித்தால் கார்டுக்கு மரியாதை இல்லை.

"எங்க ரெஜிஸ்டர்ல ரெண்டே கட்டம்தான் சார்" என்றார் சேரன் வருத்தமாக. "பாட்டு கேட்டு வந்தா நேயர் விருப்பம். கேக்காம வந்தா இதர. இதரவுல ஒண்ணும் இல்ல. எனக்கே சங்கீதம்னா உயிரு. ஆனா நான் கார்டு போட முடியாதுல்ல?"

அழகி கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு கார்டில் கை நின்றது. அந்தக் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். இருபத்தாறு வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து.

சத்தமாகவே படித்தார். "'இப்படிக்கு ரெங்கசாமி, மனைவி அழகி, மகள் ஹரிணி, துபாயில் இருக்கும் மகன் கோபிநாத். கதாநாயகன் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டே பாடும் பாடலை விரும்பிக் கேட்கிறோம்.'"

ரெங்கசாமி மின்விசிறியைப் பார்த்தார். அதில் காயில் சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. சொல்ல இது நேரமில்லை.

"கார்டுல பாதி வெள்ளையா கெடந்துச்சு அழகி. சும்மா அனுப்ப மனசு வரல."

"விரும்பிக் கேட்கிறோம்னு போட்டுருக்கீங்க. நான் எப்பங்க கேட்டேன் மாட்டுவண்டிப் பாட்டு?"

"நீ கேக்கல."

"என் பேரு எதுக்கு இருக்கு?"

"பழக்கத்துல வந்துருச்சு புள்ள."

அழகி கார்டை இருந்த இடத்திலேயே, ஓரம் சரிபார்த்து, வைத்தார். எழுந்து வெளியே போனார். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. அதுதான் ரெங்கசாமிக்குப் பயமாக இருந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் ஹரிணி போய் உட்கார்ந்தாள்.

"அப்பா நல்லதுன்னு நெனச்சுதாம்மா..."

"எனக்குத் தெரியாதா ஒங்கப்பாவ? அந்தக் கோவம் இல்லடி." அழகி முந்தானை நுனியைச் சுருட்டினார். "பஸ்ஸுல வரயில நூத்திப் பன்னெண்டு பேருன்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். பாதி பொய்யா இருந்தாலும் பாதி இருக்கும்ல, காவாசி இருக்கும்லன்னு கணக்குப் போட்டேன். எனக்கு எதுக்கு நூறு? நான் பாடுறதக் கேக்கணும்னு நெசமா ஒரு ஆளு போதும். அந்த ஒண்ணு என் வீட்டுலகூட இல்ல பாரு."

ஹரிணிக்கு ஆறுதல் சொல்ல வராது. அவளுக்குத் தெரிந்தது விதிமுறைகள், வருடங்கள், எண்ணிக்கை. திரும்ப அறைக்குள் போனாள். அங்கே அவள் அப்பாவும் சேரனும் எதிரெதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சார், மொத்தம் நூத்திப் பதிமூணுன்னு போட்டுருக்கீங்க."

"ஆமா."

"நாங்க போட்டது நூத்திப் பன்னெண்டு. நான்தான் விலாசம் எழுதுனேன். எண்ணித்தான் பெட்டியில போட்டோம்."

மூன்று பேரும் கார்டுகளைப் பிரித்துத் தேடினார்கள். அடிக் கட்டில் இருந்தது. பச்சை மை. ஹரிணியின் கையெழுத்து இல்லை. குளத்தூர் தபால் முத்திரை. ரெங்கசாமி குளத்தூரில் ஒரு மோட்டார்கூட ரிப்பேர் செய்ததில்லை.

'ஐயா, போன மாதம் உங்கள் நிலைய அறிவிப்பில், பதினான்காம் தேதி பாடப்போகும் ஒரு அம்மாவின் விருத்தத்தை அரை நிமிடம் போட்டீர்கள். அதன் பிறகு சத்தமே இல்லை. அந்த விருத்தத்தை முழுவதுமாக விரும்பிக் கேட்கிறேன். செபமாலை, குளத்தூர்.' கீழே ஒரு போன் நம்பர். மற்ற கார்டுகளைப் போல உறவினர்கள் யாரும் இல்லை.

ஹரிணி கார்டை மேஜை மேல் வைத்தாள்.

"இது எந்தக் கட்டம் சார்?"

"பாட்டு கேட்டிருக்காங்க. நேயர் விருப்பம்."

"நேயர் விருப்பத்துல சினிமாப் பாட்டுதான் போடணும்னு விதி இருக்கா?"

சேரன் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து ஆறு பக்கம் புரட்டினார்.

"'நிலையத்தின் இசைக் களஞ்சியத்தில் உள்ள எந்தப் பாடலையும்' அப்படின்னுதான் இருக்கு." அவர் முகம் பத்து வயது குறைந்தது. "மேடத்தோட பதிவு களஞ்சியத்துலதான் இருக்கு!"

"அப்ப போடலாம்."

"போட்டே ஆகணும்மா. கேட்ட நேயர்கிட்ட மட்டும் போன்ல ஒரு வார்த்தை உறுதி பண்ணிக்கணும். அது வழக்கம்."

அழகியை உள்ளே கூப்பிட்டார்கள். கிணற்றடிப் பாட்டுக்கும் மாட்டுவண்டிப் பாட்டுக்கும் நடுவில் தன் விருத்தம் வரும் என்று கேட்டதும் அவர் புருவம் ஏறியது. கார்டைக் கையில் வாங்கிப் படித்தார். புருவம் இறங்கியது.

"இதுவும் ஒங்க வேலையா?"

"ஆத்தா சத்தியமா இல்ல" என்றார் ரெங்கசாமி. "பச்சை மை நம்ம கடையில கெடையாது."

சேரன் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நான்காவது மணியில் ஒரு பெண் குரல் எடுத்தது. வயதான குரல்தான், ஆனால் விறைப்பாக இருந்தது.

"யாரு?"

"ரேடியோ ஸ்டேஷன்லேருந்துங்க. செபமாலை அம்மாவா? விருத்தம் கேட்டுக் கார்டு போட்டிருந்தீங்க."

"ஆமா, போட்டேன். இருவது நாளாச்சு. இப்பத்தான் விடிஞ்சுதா ஒங்களுக்கு?"

"வெள்ளிக்கிழமை போடுறோம்மா."

"போடுங்க. ஆனா அப்புடியே போடாதீங்க. அந்தப் புள்ள ஒரு தப்பு விட்டிருக்கு. ரெண்டாவது வரியில மேல போவுதுல்ல, அந்த எடத்துல மூச்சு பத்தாம வார்த்தைய ரெண்டா ஒடச்சுருச்சு. அதச் சரிபண்ணிப் பாடச் சொல்லிப் போடுங்க."

ரெங்கசாமிக்குச் சுர்ரென்று ஏறியது. போனைப் பிடுங்கப் போனவரின் கையை அழகி பிடித்து நிறுத்தினார்.

அது உண்மை. அந்த இடத்தில் அழகிக்கு மூச்சுப் பத்தவில்லை. குரல் தேர்வுக் குழு கவனிக்கவில்லை. பதிவு செய்த பொறியாளர் கவனிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று வீட்டில் இருநூறு தடவை சொன்ன கணவரும் கவனிக்கவில்லை. தனக்கு மட்டுமே தெரியும் என்று அழகி நினைத்துக்கொண்டிருந்த தப்பு அது. முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். இப்படித் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை சேரன் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

"சொல்லிடுறோம்மா" என்றார் சேரன்.

"சொல்லுங்க. சின்ன வயசுலயும் அது அந்த எடத்துலதான் மூச்ச விடும்."

போன் வைக்கப்பட்டது.

அழகியின் சிரிப்பு பாதியில் நின்றது. சின்ன வயதில் அவர் பாடியது பிறந்த வீட்டு மாட்டுக் கொட்டகையில். ரேடியோவில் வந்த இசைப் பாடத்தைக் கேட்டு, அப்பா வயலுக்குப் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. கேட்டவை இரண்டு மாடும் ஒரு கன்றும்தான். செபமாலை என்ற பேரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது.

ஹரிணி திரும்ப அடித்துப் பார்த்தாள். மணி போனது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

"யாரு புள்ள அது?" என்றார் ரெங்கசாமி, என்னவோ மனைவியே ஏற்பாடு செய்த ஆள் போல.

அழகி சேரன் பக்கம் திரும்பினார்.

"சார், ஸ்டுடியோ காலியா இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா புதிய பதிவு கூடாதுன்னு உத்தரவு..."

"புதுப் பதிவு இல்லையே சார்" என்றாள் ஹரிணி. "பழைய பதிவுல திருத்தம். நேயர் கேட்டிருக்காங்க."

சேரன் ஸ்டுடியோ சாவியை எடுத்தார். "எந்த வருஷம்மா பரீட்சை எழுதுற? சீக்கிரம் பாஸ் பண்ணிரு. எங்களுக்கு ஆள் வேணும்."

விருத்தத்துக்கு மிருதங்கம் வேண்டாம், தாளம் வேண்டாம், சுருதி மட்டும் போதும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழகி தனியாக உட்கார்ந்தார். சேரன் ஒரு விரலைக் காட்டினார். ஆரம்பிக்கவில்லை. இரண்டாவது முறை காட்டினார். அழகி கண்ணை மூடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு பாடினார்.

இந்தப் பக்கம் ரெங்கசாமி மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். இரண்டாவது வரி வந்தது. மேலே போனது. அங்கேயே நின்றது. வார்த்தை உடையாமல் முழுசாக இறங்கிவந்தது. சங்கீதம் தெரியாத ரெங்கசாமி அந்த இடத்தில் மூச்சு விட மறந்து, வரி முடிந்த பிறகு இருமினார்.

"கேட்டீங்களாப்பா?" என்றாள் ஹரிணி மெதுவாக.

"இப்பத்தான் கேட்டேன் தாயி."

எட்டு நிமிடத்தில் முடிந்தது. கனமான கதவைத் தள்ளிக்கொண்டு அழகி வந்தார். சேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரமாதம் என்று சொல்ல எழுந்தார். ரெங்கசாமி, மாட்டுவண்டிப் பாட்டை வாபஸ் வாங்க ஏதாவது படிவம் இருக்கிறதா என்று கேட்கலாம் என்றிருந்தார். அழகி இருவரையும் கடந்து மகளிடம் போனார். பச்சை மைக் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஹரிணி, இங்கேருந்து குளத்தூருக்கு எத்தனை மணிக்குடி பஸ்ஸு?"